நெற்றி குளிர்ந்திருந்தது

மிளகு தூக்கத்திலேயே உதட்டை இறுக்கிக்கொண்டாள். அம்மா அவள் கன்னத்தை இரண்டு விரலால் அமுக்கி, பிரிந்த உதட்டுச் சந்தில் சிரப் குழாயை நுழைத்தாள். பாதி தொண்டைக்குள் போனது. மீதி கழுத்தில் வழிந்தது.

"முழுங்கிடு தங்கம். அம்மாவுக்கு பஸ் போயிடும்."

கண்ணைத் திறக்காமலே பிள்ளை முழுங்கியது.

இரண்டு வயது தாண்டிய அந்தப் பெண்ணுக்கு மிளகு என்று பட்டப்பெயர் வந்தது உருவத்தால் அல்ல, காரத்தால். அவள் போடும் கூச்சல் தாங்காமல் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனதுண்டு. இன்றைக்கு ஒரு முனகல்கூட இல்லை. கழுத்தில் வழிந்ததைத் துடைத்த அம்மாவின் விரல் சுட்டது.

இது மூன்றாவது காலை.

போன மாதம் இதே சிரப்பால் இந்த வீட்டில் நடந்த ரகளையை வாரம் தவறாமல் படித்து வருபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. மிளகு போய்வரும் குழந்தைகள் காப்பகத்தில் மூக்கு ஒழுகினால் பொறுத்துக்கொள்வார்கள், காய்ச்சல் என்றால் சேர்க்க மாட்டார்கள். காய்ச்சல் விட்டு, மருந்தே இல்லாமல் ஒரு முழு நாள் கழிந்த பிறகுதான் வாசலை மிதிக்கலாம். அம்மா மருந்தைப் புகட்டிச் சூட்டை அமுக்கி அனுப்பிவிட்டாள். மத்தியானம் மருந்தின் வேகம் தீர்ந்ததும் பிள்ளை கொதித்தது. அங்கே வேலை பார்க்கும் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, "வரும்போது நல்லாத்தான் இருந்தா" என்று ஒரு பொய்யைச் சொல்லி அதை மூடினாள்.

புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வெளியே வந்து, அண்ணனுக்குப் பாரமாக இருக்கமாட்டேன் என்று பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலைப் பிடித்திருப்பவள் அத்தை. அந்தக் கட்டிலைத் தாங்கி நிற்பது காப்பகத்து வேலைதான்.

அன்று மாலை அப்பா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. "என் தங்கச்சி பொழப்புல மண்ணள்ளிப் போடறியா?" என்று குதித்தான். அம்மா பிள்ளையின் தலையில் கைவைத்து, இனிமேல் மருந்து கொடுத்து அனுப்பமாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

அந்தத் தலைதான் இப்போது தலையணையில் அனலாகக் கிடந்தது.

அவள் பாட்டிலை அலமாரியில், தீப்பெட்டிகளுக்குப் பின்னால், லேபிள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மீன் பதப்படுத்தும் ஆலையில் அவளுக்கு வேலை. காப்பகம் திறப்பதற்கு முன்பே அவளுடைய ஷிஃப்ட் தொடங்கிவிடும். கண்வலிக்கு ஒரு லீவு, வயிற்றுப்போக்குக்கு ஒரு லீவு என்று போட்டு, போன வாரம் மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொல்லியாகிவிட்டது. இன்னொரு லீவு போட்டால் அவள் நிற்கும் இடத்தில் வேறு ஆள் நிற்கும்.

படிக்கட்டில் அப்பா எதிரே ஏறி வந்தான். இரவு முழுக்கக் கிடங்கில் மூட்டை இறக்கிய முதுகு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து விடுவது அவள், பூட்டுவது அவன். அந்த இல்லறம் பாதிக்குமேல் இந்தப் படிக்கட்டில்தான் நடந்துகொண்டிருந்தது.

"பிள்ளை எப்படி இருக்கு?"

"தூங்குது."

"சூடு?"

"ராத்திரி லேசா இருந்துச்சு. இப்ப இல்ல."

"மருந்து கிருந்து குடுத்தியா?"

"அவ தலையில சத்தியம் பண்ணிட்டுக் குடுப்பேனா?"

"கேட்டா என்ன, மூஞ்சியத் தூக்கறே."

"பஸ் போயிடும், வழிய விடுங்க."

அவள் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகத்தில் எழுதியிருப்பதை அவன் படித்துவிடுவான் என்று பயம்.

*

உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கியவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். சுடுகிறது. மருந்து இறங்கி வேலை செய்யக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதோ, அது சற்று முன்தான் உள்ளே போயிருக்கிறது என்பதோ அவனுக்கு எப்படித் தெரியும்?

'இப்ப இல்லன்னாளே. பெத்தவளுக்குக் கையில உணர்ச்சியே செத்துப் போச்சா?' என்று மனசுக்குள் வைதான். ஐஸில் நின்று நின்று செத்துத்தான் போயிருக்கும் என்றும் தோன்றியது.

வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொண்டு கண்ணை மூட முடியாது. கண்ணை மூடாமல் மறுபடி இரவு வேலைக்குப் போனவன், போன வாரம் பக்கத்தில் நின்றவன் காலில் ஒரு மூட்டையைப் போட்டுவிட்டான். அந்த ஆள் இன்னும் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டுகிறான். "தூங்கிட்டு வேலை செய்யறதுன்னா வீட்டுலயே செய்" என்று கிடங்கில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

எழுந்து அலமாரிப் பக்கம் போனான். பாட்டிலைத் தேடித் தீப்பெட்டிகளை நகர்த்தினான்.

சத்தியம் பண்ணியது அவள். நான் பண்ணவில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு அவனுக்கே கேவலமாக இருந்தது. இருந்தும் கை மூடியைத் திருகியது.

"இன்னிக்கு ஒரு நாள்தான்டா கண்ணு. அம்மாகிட்ட சொல்லிடாதே."

பிள்ளை முகத்தைச் சுளித்து முழுங்கியது. அவன் குழாயைக் கழுவினான். மனைவிக்குத் தெரியக்கூடாதே என்று பாட்டிலை எடுத்த இடத்திலேயே, லேபிள் சுவரைப் பார்க்க, அப்படியே வைத்தான்.

*

காப்பகத்தின் வாசலில் காலையில் நிற்பது அத்தையின் வேலை. ஒவ்வொரு பிள்ளையாக வாங்கி, புறங்கையை நெற்றியில் வைத்து, பிறகு கழுத்தடியில் வைத்து, கண்ணைப் பார்த்து உள்ளே அனுப்புவாள். மிளகு கூப்பிடுவதைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் அவளை அத்தை என்றே கூப்பிட, பெற்றவர்களும் அப்படியே கூப்பிட்டு, கடைசியில் நிர்வாகம் பார்க்கும் பெரிய டீச்சருக்கும் அவள் அத்தையாகிவிட்டாள்.

"என்னடி வாயாடி, இன்னிக்கு மௌன விரதமா?" என்று மிளகை வாங்கினாள். "அண்ணே, கண்ணெல்லாம் செவந்திருக்கே."

"தூக்கம் வரல போல அவளுக்கு."

"நான் உன் கண்ணைச் சொன்னேன்."

புறங்கை நெற்றிக்குப் போனது. அப்பா செருப்பைப் பார்த்தான். பிள்ளை வழியிலேயே வேர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சில்லுனு இருக்கா," என்றாள் அத்தை. கழுத்தடியிலும் தொட்டுவிட்டு மூச்சுவிட்டாள். "அப்பாடா. ஒரு நிமிஷம் பயந்துட்டேன். பஸ் ஓட்டற டிரைவரம்மா பையன் இருக்கான்ல, குறை மாசத்துல பொறந்தானே, அந்தச் சின்னவனுக்கு நேத்து சாயங்காலத்திலேருந்து காய்ச்சலாம். வீட்டுல வெச்சுக்கிட்டாங்க. அவனுக்கு ஒரு சளி புடிச்சாலே ஆஸ்பத்திரிதான். பெரிய டீச்சர் காலையிலேருந்து என்னை முறைச்சுக்கிட்டே இருக்காங்க."

"ஓ."

"இவளும் அவனும் ஒரே பாயிலதான் படுப்பாங்க. நல்லவேளை, இவளுக்கு ஒண்ணும் இல்ல."

இப்போது கையை நீட்டிப் பிள்ளையைத் திரும்ப வாங்கியிருக்கலாம். 'குடு, இன்னிக்கு நான் வெச்சுக்கறேன்' என்று நாலு வார்த்தை. பின்னால் ஒரு பெண் தன் பையனோடு நேரமாகிறது என்று முண்டிக்கொண்டிருந்தாள்.

"வரேன்மா," என்றான்.

"போய்த் தூங்கு அண்ணே. பேய் அடிச்ச மாதிரி இருக்கே."

*

வெயில் ஏறும் வரை பிள்ளை தூங்கியது. பாட்டுக்கு எழவில்லை, விளையாட எழவில்லை. பாலைக் கொடுத்தால் முழுவதையும் அத்தையின் மடியிலேயே கக்கியது. துடைக்கப் போனவளின் கை, சுட்டதும் தானாகப் பின்னால் வந்தது.

பெரிய டீச்சர் வாசற்படியில் நின்று பார்த்தார். சத்தம் போடுகிற ரகம் இல்லை அவர். சத்தம் போடுகிறவர்களோடு காலம் தள்ளிவிடலாம்.

"அத்தை, காலையில தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர். சில்லுனு இருந்துச்சு."

"வேர்த்திருந்துச்சா?"

அத்தை ஒரு கணம் யோசித்தாள். "கொஞ்சம்."

"வீட்டுல மருந்து குடுத்து அனுப்பியிருப்பாங்களோ?"

"ஐயோ, இல்ல டீச்சர். எங்க அண்ணன் அந்த மாதிரி ஆள் இல்ல. அண்ணியும் செய்ய மாட்டாங்க."

"சொந்தக்காரப் பிள்ளைன்னு நீங்க கண்ண மூடிக்கிட்டீங்களோன்னு நாலு பேர் கேப்பாங்க. அதான் கேக்கறேன்."

"இந்த வேலை மேல ஆணையாச் சொல்றேன் டீச்சர். அவங்க குடுத்திருந்தா நாளைக்கு நான் இந்தப் படி ஏறல."

அம்மாவின் போன் ஆலையில் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. அப்பாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அத்தை ஆலை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு வாடகை வண்டியைப் பிடித்தாள்.

*

மீன் கூடத்தில் பேசினால் வாயிலிருந்து புகை வரும். ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடிக் காலுறை, கையில் உறைக்கு மேல் உறை. பெல்ட்டில் வரும் துண்டுகளில் முள் நின்றால் பிடுங்கி, தோல் நின்றால் சீவி, தட்டில் அடுக்க வேண்டும். அம்மா மூன்று நாளாக முள்ளைத் தவறவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒல்லிக்காரி அவள் விட்டதையும் சேர்த்துப் பிடுங்கினாள்.

"என்னக்கா, மீன் உன்னைப் பாத்து சிரிக்குது. எங்க இருக்கே நீ?"

"இங்கதான் நிக்கறேன்."

"நிக்கறே. அத நானும் பாத்தேன்."

மேற்பார்வையாளர் தாடியைத் தடவிக்கொண்டு வந்து நின்றார். அவர் வந்து நின்றால் யாரோ ஒருத்திக்கு அன்றைக்கு நாள் சரியில்லை என்று அர்த்தம்.

"உன் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்களாம். காய்ச்சல், வாந்தி. போன் வந்துச்சு."

கையில் இருந்த துண்டு பெல்ட்டிலேயே விழுந்தது.

"எப்பலேருந்து காய்ச்சல்?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான் சார்."

அவர் அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. "ஊரே திங்கற பண்டத்துல கைய வெக்கறோம். வீட்டுல காய்ச்சல்னா சொல்லணும்னு சேரும்போதே சொன்னேனா இல்லையா? போ. உறையெல்லாம் கழட்டித் தனியாப் போடு. நீ தொட்ட தட்டையும் ஓரமா வெச்சுட்டுப் போ."

அவள் அடுக்கிய தட்டை ஒல்லிக்காரி எடுத்துத் தரையில் வைத்தாள். அதுவரை தோளோடு தோள் உரசி நின்றவள், வைத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. உடம்பு தானாகச் செய்தது. அதுதான் அம்மாவுக்குச் சுருக்கென்றது.

*

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் பிரிவு கீழ்த்தளத்தில். பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டிலில் மிளகு கிடந்தாள். கன்னம் இரண்டும் அறைந்த மாதிரி சிவந்திருந்தன. அத்தை ஈரத்துணியால் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மேல்சட்டையில் காய்ந்த பால்.

"அண்ணி, வந்துட்டீங்களா! பயப்படாதீங்க. டாக்டர் பாத்துட்டு ரத்தம் எடுத்திருக்காரு."

அம்மா பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். மீன் வாடை தன்னோடு உள்ளே வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. நர்ஸ் ஒரு குழாயை எடுத்து மருந்தை உறிஞ்சினாள்.

"சூடு ரொம்ப ஏறிடுச்சு. இறங்க ஒரு மருந்து குடுக்கப் போறேன். காலையிலேருந்து வீட்டுல ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

அத்தை நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். கேட்பதற்காகப் பார்க்கவில்லை. பதில் தெரிந்தவள் மாதிரி, நீங்களே சொல்லிடுங்க என்கிற மாதிரி நிம்மதியாகப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள் அம்மா.

அந்த நேரத்தில் அப்பா திரையை விலக்கிக்கொண்டு வந்தான். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தான். தூக்கத்திலிருந்து பிடுங்கியெடுத்த முகம். அத்தை மறுபடி அடித்த போனில் எழுந்து ஓடிவந்திருந்தான்.

"நீங்கதான் அப்பாவா? நீங்கதானே காலையில கொண்டு விட்டீங்க? ஏதாவது மருந்து?"

"இல்லங்க," என்றான் அவன். சொல்லும்போது திரையின் பச்சையைப் பார்த்துச் சொன்னான்.

"நான் சொன்னேன்ல," என்றாள் அத்தை நர்ஸிடம். அவள் குரலில் ஒரு பெருமை.

நர்ஸ் பிள்ளையின் தலையைத் தூக்கினாள். குழாய் உதட்டருகே போனது. அதற்குள் இருந்த திரவம் இளஞ்சிவப்பு. அதே நிறம்.

அம்மாவின் கை பாய்ந்து நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேணாம். குடுத்தேன்."

"என்னது?"

"காலையில குடுத்தேன், வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. இதே மருந்துதான். மூணு நாளாக் குடுக்கறேன்."

பக்கத்துக் கட்டிலில் யாருடைய பிள்ளையோ சிணுங்கியது. அப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்தான்.

"சிஸ்டர்," என்றான். "நானும் குடுத்தேன்."

"எப்போ?"

"அவ போனதுமே. எனக்குத் தெரியாதுங்க, அவ குடுத்தது."

நர்ஸ் குழாயைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். போகிற போக்கில், "இப்ப மூணாவதும் உள்ளே போயிருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

"படியில கேட்டேனேடி!" என்றான் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கேட்டீங்க. திட்டறதுக்குக் கேட்டீங்க."

"அன்னிக்கு நான் அவ்வளவு கத்தினேன்..."

"ஆமா, கத்தினீங்க. கத்தினவரு இன்னிக்கு என்ன செஞ்சீங்க?"

அத்தை ஈரத்துணியைப் பிழிந்தாள். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"நான் அங்க என்ன சொல்லிட்டு வந்திருக்கேன் தெரியுமா அண்ணி?" என்றாள் மெதுவாக. "என் வேலை மேல ஆணை வெச்சுட்டு வந்திருக்கேன். உங்களுக்காக இல்ல, நிஜம்னு நம்பித்தான் வெச்சேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அம்மாவுக்கு.

டாக்டர் வந்து கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். எத்தனை முறை, எவ்வளவு என்று மூன்று நாள் கணக்கையும் கேட்டார். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். கணவனும் நாத்தனாரும் கேட்டுக்கொண்டு நிற்க அதைச் சொல்வது, நடு ரோட்டில் துணியை அவிழ்ப்பது போல இருந்தது. பிள்ளைக்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை என்றார் அவர். ஆனால் இன்று இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும். இனி தன்னைக் கேட்காமல் ஒரு சொட்டு கொடுக்கக்கூடாது.

"அங்க வேற பிள்ளைங்களுக்கும் ஒட்டியிருக்குமா டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா.

"காப்பகத்துல யார்கிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு எப்படிம்மா சொல்ல முடியும்? ஊர் பூரா இந்தக் காய்ச்சல் சுத்துது."

அப்பா அந்த வார்த்தையைக் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டது அவன் முகத்தில் தெரிந்தது.

*

வெளியே பெஞ்சில் அம்மா ஒரு முனையில் உட்கார்ந்தாள். அத்தை மறுமுனையில். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.

டிரைவரம்மா வேகமாக உள்ளே நுழைந்தாள். பெரிய பஸ்ஸைத் திருப்பித் திருப்பித் தோள் அகன்ற பெண். இன்றைக்குச் சீருடை இல்லை, வீட்டு உடையில், தலை வாராமல், மார்போடு ஒரு துணிப்பொட்டலத்தை அணைத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தை! நீங்களும் இங்கயா?"

"மிளகுக்குக் காய்ச்சல்," என்றாள் அத்தை.

"அட கடவுளே, அவளுக்குமா?" டிரைவரம்மா நடுவில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் கைவைத்தாள். "இவனுக்கு நேத்து சாயங்காலமே லேசா சூடு. சரின்னு டிப்போவுல லீவு சொல்லிட்டேன். மேனேஜர் வாயில வராத வார்த்தை இல்ல. வண்டிய யாரு எடுக்கறது, உங்கப்பனான்னு கேட்டான். எங்கப்பாவுக்கு லைசென்ஸ் இல்லன்னேன்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன பண்றது, அங்க இன்னும் சின்னதுங்க எல்லாம் இருக்குல்ல. இப்ப மூச்சு வேற இழுக்குது இவனுக்கு. கொஞ்சம் புடிச்சுக்கங்க, சீட்டு போட்டுட்டு ஓடி வரேன்."

பதிலுக்குக் காத்திராமல் பொட்டலத்தை அம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

துணிக்குள் அந்தச் சின்னவன். கனமே இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் குழிந்து குழிந்து மீண்டது. அவள் கைச் சூடா அந்தப் பிள்ளையின் சூடா என்று தெரியவில்லை.

திரைக்கு வெளியே வந்த அப்பா அவள் மடியைப் பார்த்தான். அருகே குனிந்து, "வாயத் திறக்காதே," என்றான். "டாக்டரே சொல்லிட்டாருல்ல, யார்கிட்டேருந்துன்னு சொல்ல முடியாதுன்னு. நீயா இழுத்துப் போட்டுக்காதே."

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை.

டிரைவரம்மா ஓடி வந்தாள். "அழுதானா? தந்துடுங்க."

அம்மா கொடுக்காமல் ஒரு நொடி வைத்துக்கொண்டாள். கொடுத்துவிட்டால் பிறகு சொல்ல வராது என்று தோன்றியது.

"மிளகுக்கு இன்னிக்கு வந்த காய்ச்சல் இல்ல," என்றாள். "மூணு நாளா இருக்கு. மருந்து குடுத்துக் குடுத்து அனுப்பினேன்."

டிரைவரம்மாவுக்கு உடனே ஏறவில்லை. "எங்க அனுப்பினீங்க?"

"காப்பகத்துக்கு. லீவு போட்டா வேலை போயிடும்னு... உங்க பையன்கூட ஒரே பாயில படுத்திருந்தா."

அகன்ற தோள்கள் இரண்டும் கொஞ்சம் இறங்கின. டிரைவரம்மா குனிந்து, பிள்ளையை அவள் மடியிலிருந்து எடுத்தாள். அவசரப்படவில்லை, பிடுங்கவில்லை. எடுத்து, சுற்றியிருந்த துணியைச் சரிசெய்து, தோளில் போட்டுக்கொண்டாள். திட்டவும் இல்லை. அத்தை பக்கம் திரும்பி ஒன்று கேட்டாள்.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

"இந்தத் தடவை தெரியாது," என்றாள் அத்தை. நிறுத்தினாள். "போன மாசம் தெரியும். நான்தான் மறைச்சேன்."

டிரைவரம்மா அவளையே பார்த்தாள். தினம் காலையில் அந்தக் கையில்தான் தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பஸ் எடுக்கப் போயிருக்கிறாள். எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

அத்தையின் போன் அடித்தது. பெரிய டீச்சர். அத்தை எடுக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த போனை அண்ணனின் கையில் வைத்தாள்.

"நீ பேசு."

"நானா? நான் என்னத்த..."

"வாயத் திறக்காதேன்னு அண்ணிகிட்ட சொன்னேல்ல. நீ தெற."

அவன் பொத்தானை அமுக்கினான். "டீச்சர், நான் மிளகோட அப்பா பேசறேன். பிள்ளைக்கு இப்பப் பரவால்ல." செருமினான். "காலையில வீட்டுல மருந்து குடுத்துத்தான் கொண்டு வந்தோம். அவளும் குடுத்தா, நானும் குடுத்தேன். என் தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது. அவ மேல தப்பே இல்ல."

"போன மாசத்தையும் சேர்த்துச் சொல்லுங்க," என்றாள் டிரைவரம்மா சுவரோரத்திலிருந்து. கத்தவில்லை. பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

அவன் போனை நெஞ்சில் பொத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தான். சொன்னால் அவள் வேலை இருக்காது. அது அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

"சொல்லு அண்ணே," என்றாள் அத்தை.

அம்மா எழுந்து வந்து அவனருகே நின்றாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு போனைக் காதில் வைத்தான்.

"போன மாசமும் அப்படித்தான் டீச்சர். அது என் தங்கச்சிக்குத் தெரியும்."

மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம். இரைச்சல் நின்றது.

"போனை அத்தைகிட்ட குடுங்க," என்றார் பெரிய டீச்சர்.